ரிமோட் சொன்னது

பூங்கோதை கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரியான கறுப்பி" என்று தன்னையே திட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

கண்ணாடிக்குப் பொறுக்கவில்லை. எதிரில் இருந்த டிவியிடம் எகிறியது. "வெள்ளையாக இருந்தால்தான் வேலை, வெள்ளையாக இருந்தால்தான் மாப்பிள்ளை என்று விளம்பரம் போட்டே அந்தப் பிள்ளையின் மனசைக் கெடுத்துவிட்டாய்!"

"என்மேல் ஏன் பாய்கிறாய்? பிடிக்காவிட்டால் சேனலை மாற்ற வேண்டியதுதானே? ஒரு பட்டனை அழுத்த அவளுக்குக் கையில்லையா?" என்றது டிவி.

கண்ணாடிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சோபாவில் கிடந்த ரிமோட் அப்போதுதான் வாயைத் திறந்தது.

"இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அப்பா கையில் இருக்கிறேன். அவர் எழுந்தால் அண்ணன் கைக்குப் போகிறேன். பூங்கோதை என்னைத் தொடுவது தூசி துடைக்கும்போது மட்டும்தான்."