மூன்று தலைமுறைப் பலகை

1911-ஆம் வருடத்துச் சாயங்கால வெயில், பினாங்கு ஜார்ஜ் டவுன் சந்து ஒன்றில், ஊரார் லோங்காங் என்று சொல்லும் திறந்த சாக்கடையில் விழுந்து பச்சையாக மினுங்குகிறது. அதன் குறுக்கே கிடக்கும் தேக்குப் பலகையில், முனிசிபல் கமிஷனர் தேர்தலுக்கு நிற்கும் தஸ்தகீர் மரைக்காயர் ஏறி நிற்கிறார். இதே பலகையில் நின்று பேசித்தான் அவருடைய பாட்டனார் கமிஷனர் ஆனார். பிறகு வாப்பாவும் ஆனார். வாப்பாவின் கறுப்புக் கோட்டு இவருக்கு முழங்காலைத் தொடுகிறது. கொஞ்சம் அசைந்தாலும் பலகை முனகுவதால் கையை மட்டும் வீசிப் பேசுகிறார். கொசுக்கள் கணுக்காலை மொய்க்கின்றன. குனிந்து சொறிந்தால் குடும்ப கௌரவம் என்னாவது? "இந்த லோங்காங்க கல்லு போட்டு மூடாம நான் ஓய மாட்டேன்!" என்று முழங்கி, வாப்பா நிறுத்திய அதே இடத்தில் நிறுத்துகிறார். வாப்பாவுக்குக் கிடைத்த அதே கைதட்டல் கிடைக்கிறது. காவடித் தடியில் சோற்றுப் பானை சுமந்து விற்கும் பக்கீர் மட்டும் தட்டவில்லை, தோளில் பாரம். "மூடுங்க தம்பி, நல்லதுதான் லா. மூடிட்டா அடுத்த எலெக்சனுக்கு எங்க ஏறி நிப்பீங்க?" சந்தே சிரிக்கிறது. மரைக்காயரும் சிரிக்கிறார், ஆனால் முகம் வெளிறிப்போகிறது. இப்படி ஒரு ஆபத்து இருப்பது அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை. கூட்டம் கலைந்ததும் மெல்ல இறங்கி, கோட்டு நுனியால் பலகையைத் துடைத்து, வண்டிக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "பத்திரமா கொண்டுபோய் வைங்க அண்ணே. எம் மவனுக்கு இப்பத்தான் மூணு வயசு."