எழுதியவர் பெயர்

"என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுக்க உங்களுக்கு எப்படி மேடம் மனசு வந்துச்சு?"

கதவைக்கூடத் தட்டவில்லை. மடிக்கணினியோடு அவள் நுழைந்த வேகத்தில் ஆய்வகத் தலைவியின் மேசையிலிருந்து இரண்டு காகிதங்கள் பறந்து விழுந்தன.

மேடம் நிமிரவில்லை. "கதவைச் சாத்து. உட்காரு."

"உட்கார வரலை. நியாயம் கேட்க வந்திருக்கேன்."

ரத்தத்திலிருந்து எடுக்கும் மரபணு, கோடிக்கணக்கான துண்டுகளாகத்தான் கணினிக்கு வந்து சேரும், கிழித்துப்போட்ட புத்தகம் மாதிரி. அதை ஒட்டிச் சேர்த்து, எங்கே பிழை என்று சொல்லும் நிரலை இரண்டு வருடம் ராப்பகலாக உட்கார்ந்து எழுதியவள் அவள். பெரிய ஆஸ்பத்திரியே அதை வாங்கி உபயோகிக்கிறது. இன்று காலை திறந்து பார்த்தால், எழுதியவர் என்ற இடத்தில் மேடத்தின் பெயர் மட்டும்! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"ஒரு வரி, ஒரே ஒரு வரி நீங்க எழுதினீங்களா? ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தா ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தள்ளிடலாம்னு யார் யோசிச்சது? மூணு நாள் ஓடின வேலை இப்ப மூணு மணி நேரத்துல முடியுதே, அது யார் மூளை?"

"உன் மூளைதான்."

"அப்புறம்?"

"பத்து நாள் லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போ. எதுவும் கேட்காதே."

அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. திருடியது போதாதென்று துரத்தவும் செய்கிறாளே இந்த மகராசி!

"எல்லாத்தையும் நானே எழுதினேன்னு மேலிடத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களாமே? ஆபீஸ் பூரா பேசிக்கிறாங்க."

"ஆமா. கொடுத்தேன்."

"கொஞ்சம்கூடக் கூச்சமில்லையா? எந்த வரியை எந்தத் தேதியில யார் எழுதினதுன்னு கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கு. இதோ, உங்க கண்ணு முன்னாடியே டைரக்டருக்கு அனுப்புறேன்."

"வேண்டாம்மா. சொன்னா கேளு."

"இப்பவாவது பயம் வந்துச்சே!" பொத்தானைத் தட்டினாள்.

மேடம் கண்களை மூடிக்கொண்டார். "இன்னும் ஆறு மாசம் சோதிச்சுப் பார்க்கணும்னு நீ தலைபாடா அடிச்சுக்கிட்டே. நான்தான் அவசரப்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொடுத்தேன். அதனாலதான்..." முடிக்காமல் ஒரு கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஆஸ்பத்திரியின் வக்கீல் எழுதியிருந்தார்: ஒரே துண்டு அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதுதான் அந்த நோயே, அதைக் குப்பை என்று தள்ளிவிட்ட நிரல், நோயுள்ள பதினோரு குழந்தைகளுக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிட்டது, வழக்குத் தொடர, அதை எழுதியவரின் பெயர் மட்டும் தேவை.