முதல் இடத்துப் பொண்ணு

"நிஜத்தைச் சொல்லு சுஹேலு. நீ ஓட்டு போட்டியா, இல்லியா?"

திங்கட்கிழமை காலையில் ஷூ ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் ஐசக் கேட்ட முதல் கேள்வி அது. கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் சுஹேல் அகமது டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"போட்டேண்ணே."

"யாருக்கு?"

சுஹேல் மேஜை மேல் இருந்த தோலைத் தடவிப் பார்த்தான்.

ஐசக்கின் மகள் பிரிஸ்கில்லா டி.வி. பாட்டுப் போட்டியிலிருந்து முந்தின நாள்தான் வெளியேறியிருந்தாள். அந்த வாரம் தப்பித்திருந்தால் ஃபைனல். ஒரு போனுக்கு ஒரு ஓட்டு. யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று நடுவில் ஒருநாள் டி.வி.யில் காட்டுவார்கள். புதன்கிழமை காட்டியபோது பிரிஸ்கில்லாதான் முதல். கடைசி இடத்தில் கார்குழலி என்று ஒரு பரமக்குடிப் பெண். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட்டில் கார்குழலி முதல். பிரிஸ்கில்லா கடைசி.

"சொல்லுப்பா, யாருக்குப் போட்ட?"

"நம்ம பொண்ணுதான் ஃபர்ஸ்ட்ல இருந்துச்சேண்ணே. நம்ம ஓட்டு ஒண்ணு கம்மியானா இன்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன். அந்தக் கடைசிப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா ஒரு மாதிரி ஆயிடுச்சு..."

"அதுக்குப் போட்டுட்ட."

"ஆமாண்ணே."

'ஆம்பூரின் பெருமை' என்று ஃபேக்டரி கேட்டில் பிரிஸ்கில்லாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தவனே சுஹேல்தான். அதில் அவள் படத்தைவிட அவன் படம் கொஞ்சம் பெரிசு.

ஐசக் ஸ்டிச்சிங் செக்‌ஷனுக்குப் போனார். சைரா தையலை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"நான் மட்டுமாண்ணே? எங்க லைன் மொத்தமும் அந்தப் பொண்ணுக்குத்தான் போட்டுச்சு. பிரிஸ்கில்லாவுக்குத்தான் ஏற்கெனவே ஜாஸ்தியா இருக்குதே, இன்னும் வாங்கி இன்னா பண்ணப் போவுதுன்னு பேசிக்கினோம்."

"பேசி வெச்சுக்கினு வேற பண்ணீங்களா?"

"பாவம்ண்ணே, அழுதுச்சு."

"இப்ப என் பொண்ணு அழுவுது."

அப்போதுதான் சைரா மெஷினை நிறுத்தினாள்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாஸ்டர் நத்தானியேல் எதிரே வந்தார். 'நம் சபைப் பிள்ளைக்கு மறவாமல் வாக்களியுங்கள்' என்று போன வாரம் ஆராதனையில் அறிவிப்புக் கொடுத்தவர். ஐசக்கைப் பார்த்ததும் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"எல்லாம் ஆண்டவர் சித்தம், ஐசக்."

"நீங்க யாருக்குப் போட்டீங்க ஐயா?"

பாஸ்டர் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைச் சரிசெய்தார்.

"எளியவங்களுக்கு இரங்கணும் இல்லையா?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வீட்டில் பிரிஸ்கில்லா வந்து இறங்கியிருந்தாள். பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை. கண் வீங்கியிருந்தது. மகளைப் பார்த்ததும் ஐசக்குக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இந்த ஊர்ல ஒருத்தன் கூட யோக்கியம் கெடையாது! ஃப்ளெக்ஸ் வெச்சவன் போடல. பிரசங்கம் பண்ணவர் போடல. எல்லாரும் சேர்ந்து என் பொண்ணைக் கவுத்துட்டாங்க!"

"கத்தாதீங்க, பக்கத்து வீட்ல கேக்கப் போவுது" என்றாள் மனைவி ஜெயசீலி.

"கேக்கட்டும்! அவங்க மட்டும் போட்டிருப்பாங்களா? சொந்த மனுசங்களைத் தவிர எவனும் போட்டிருக்க மாட்டான்."

ஜெயசீலி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஐசக் டம்ளரை வாங்கவில்லை.

"ஜெயசீலி. நீ?"

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லீங்க. டி.வி.ல சொன்னாங்க. நம்ம புள்ளதான் முதல் இடத்துல இருக்குதே, தைரியமா இருக்கலாம்னு..."

"பெத்தவளே இப்படிப் பண்ணா, ஊரைச் சொல்லி இன்னா பிரயோஜனம்?"

ஜெயசீலிக்கும் அழுகை வந்துவிட்டது. பிரிஸ்கில்லாதான் எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை போட்டாள்.

"விடுங்கப்பா. கார்குழலி நல்லாத்தான் பாடுவா. அம்மாவோட ஒரு ஓட்டுலயா நான் தோத்துட்டேன்?"

"இன்னாத்த விடுறது?" ஐசக் தலையில் அடித்துக்கொண்டார். "ஃபேக்டரி போடும், சர்ச்சு போடும், யாரு போடாட்டியும் உங்கம்மா போடுவான்னு, இத்தினி பேரை நம்பித்தானே நான் என் ஓட்டை அந்தப் புள்ளைக்குப் போட்டேன்!"