குளவிக்கு எந்த லென்ஸ்?

டுலூத் நகரத்துக் கேமரா கடையில் காலை வெயில் கண்ணாடி மேஜைமேல் ஏறுகிறது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளர் வெர்ன், இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைத்த குளவியைத் தயிர் டப்பாவிலிருந்து மேஜையில் கவிழ்க்கிறார். ஆடாமல் கிடந்தால்தானே கிட்டத்தில் படம் எடுக்க முடியும்! சாதா மேக்ரோ லென்ஸில் ஒரு படம், இரண்டு மடங்கு விலையுள்ள உயர்ரக லென்ஸில் ஒரு படம். மறுபடியும் மாட்டுகிறார், மறுபடியும் கழற்றுகிறார். அரை மணி நேரமாக இதே கூத்து. நான் வாங்க வந்த பேட்டரி என் கையிலேயே சூடேறிவிட்டது. "ரெண்டுலயும் கால் முடிகூடத் தெரியுதே, மார்லிஸ்!" என்கிறார் வெர்ன். "விலை கூடினதுல தள்ளி நின்னே எடுக்கலாம்யா. எத்தனை வாட்டி சொல்றது?" என்றபடி காப்பிக் கோப்பையைத் தூக்குகிறார் கடைக்கார அம்மா மார்லிஸ். வெயில் குளவியைத் தொடுகிறது. ஒரு கால் அசைகிறது, சிறகு அதிர்கிறது. சோம்பலாக எழும்பி, மார்லிஸின் மூக்கு நுனியில் வந்து உட்காருகிறது. கோப்பை அந்தரத்தில் நிற்கிறது. "வெர்ன், விரட்டு," என்கிறார் உதடு அசையாமல். வெர்ன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உயர்ரக லென்ஸை அந்த மூக்குக்கு நேரே நீட்டுகிறார். "ஆடாத, மார்லிஸ். இதுல ஒண்ணு எடுத்துட்டு, அதையும் மாட்டிப் பாத்துடறேன்."