குழியில் தண்ணீர்

இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்ததும் சசிரேகா கீழறைக்கு ஓடினாள். பேட்டரி இன்னும் அரைமணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம்.

குன்னூரில் விடிகாலையிலேயே கரண்ட் போய்விட்டது. மழை மட்டும் விடவில்லை. சரிவைக் குடைந்து கட்டிய வீடு அது. மழைக்காலம் வந்தால் கீழறையின் பின்சுவரில் ஊற்று கசியும். மூலையில் வெட்டிய குழியில் சேருகிற அந்தத் தண்ணீரை மோட்டார்தான் இறைத்து வெளியே தள்ள வேண்டும். அது நின்றால் ஒரு மணி நேரத்தில் அறை முங்கிவிடும்.

அந்த அறைக் கட்டிலில்தான் அவள் கணவன் முனியசாமி கிடந்தான். டீ ஃபேக்டரியில் வழுக்கி விழுந்ததில் இடுப்புவரை மாவுக்கட்டு. குறுகலான படியில் அவள் ஒருத்தியால் அவனை மாடிக்கு ஏற்ற வழியில்லை.

"ஏனுங்க, தூக்கறதுக்கு யாரையாச்சும் கூப்புடட்டுமா?"

"ரோடெல்லாம் மண்ணு சரிஞ்சு கெடக்குது. யாரு வருவாங்க? மோட்டார் ஓடுனாப் போதும், விடு."

மனசு கேட்காமல் பவுல்ராஜுக்குப் போன் போட்டாள். சரிந்த மண்ணை அள்ளிப் பாதை போடுகிற வேலையில் இருபது வருஷமாக இருப்பவர், முனியசாமியின் சிநேகிதர்.

"ஜீப்பு பேட்டரியக் கழட்டித் தூக்கிட்டு நடந்தே வர்றேன் அம்மணி. பயப்படாத."

அவர் வருவதற்குள் இன்வெர்ட்டர் செத்தது. மோட்டாரின் உறுமல் அடங்கியதும் சுவரில் தண்ணீர் வடிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

சசிரேகா பக்கெட்டை எடுத்தாள். காலையில் சாதாரணமாகத் திறந்த கீழறையின் வெளிக்கதவு இப்போது அசையவில்லை. மழையில் மரம் ஊறிப் போச்சு என்று முனகிக்கொண்டே தோளால் இடித்துத் திறந்தாள். நிலைப்படிக்கு மேலாக மொண்டு மொண்டு வெளியே வீசினாள். கணுக்கால்வரை ஏறிவிட்டது. முனியசாமி கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயாச்சும் மேல போயிரு புள்ள."

"சும்மா கெடங்க!"

கை மரத்துப்போகும்வரை இறைத்தாள். எப்போது என்று தெரியவில்லை, தண்ணீர் குறைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் தரை தெரிந்தது, பிறகு குழியின் அடிமண்ணும் தெரிந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தாள். சொட்டுக்கூட வரவில்லை.

"ஏனுங்க, ஊத்து நின்னு போச்சுங்க!"

விழுந்து படுத்த இந்த ஒரு மாசத்தில் முதல்முறையாக முனியசாமி சிரித்தான். அவள் அவன் காலடியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். பிறகுதான், பாவம், மனுஷன் மழையில் சுமந்துகொண்டு வருவாரே என்று ஞாபகம் வந்து போனை எடுத்தாள்.

"அண்ணா, பேட்டரி வேண்டாமுங்க, திரும்பிப் போயிருங்க. குழி காஞ்சு கெடக்குது."

"மழை விட்டுருச்சா அங்க?"

"எங்கீங்க, கொட்டுது."

"அப்பறம் ஊத்து எப்படி நின்னுச்சு?"

"சட்டுனு நின்னுருச்சுங்கண்ணா. சாமி கண்ணத் தொறந்துருச்சு."

மறுமுனையில் கனமான எதையோ கீழே போடுகிற சத்தம். அடுத்து, ஓடுகிறவரின் மூச்சிரைப்பு.

"அம்மணி, கட்டிலோட அவனை வெளிய இழு! ஊத்து நிக்கல, உள்ள மண்ணு பொளந்து தண்ணி அதுல எறங்குது. மலை நகருது!"