திறந்து பார்த்தீங்களா?

"இது தேறாது சார். புதுசு வாங்கிக்கங்க."

சர்வீஸ் சென்டரின் கவுண்டர் பெண் சொல்லி வாய் மூடவில்லை. எதிரே நின்ற கட்டம்போட்ட சட்டைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"தேறாதா? போனைக் கையில வாங்கி அரை நிமிஷம்கூட ஆகலையேம்மா!"

"ராத்திரியிலேருந்து சார்ஜ் ஏறலைன்னு நீங்கதானே சொன்னீங்க? போர்டு போயிருக்கும் சார். அதை மாத்துற செலவுக்குக் கொஞ்சம் மேலே போட்டா புதுசே வந்துடும். இந்த மாசம் ஆஃபர் வேற இருக்கு."

மனப்பாடமான பாட்டு. எதையும் திறக்காதே, புது மாடலைக் காட்டு என்று மேனேஜர் சொல்லிக் கொடுத்தது. ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியபடியே அவளால் அதை ஒப்பிக்க முடியும். இன்று அப்படித்தான் ஒப்பித்தாள்.

கடைவாய்ப் பல் விடிந்ததிலிருந்து விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு பல் டாக்டரின் நம்பரைக் கொடுத்து, "கைராசிக்காரர்டி, அவர்கிட்டயே போ" என்றிருந்தாள். இவளும் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் ஸ்விட்ச் ஆஃப். பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம். பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் புதுப்பல் வைக்க அவள் சம்பளம் காணாது.

"திறந்து பார்த்தீங்களா?" சட்டைக்காரர் விடுவதாயில்லை.

"அனுபவம் சார். பார்த்தாலே தெரியும்."

"நல்லாயிருக்கும்மா உங்க அனுபவம்! கால்ல முள்ளு குத்தினா முள்ளை எடுப்பீங்களா, காலை எடுப்பீங்களா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. "அப்படிக் கேளுங்க சார்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

காதில் ஒயர் தொங்க நின்றிருந்த இளைஞனுக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், இப்பல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு போன் மாத்துறதுதான் வழக்கம். பழசைக் கட்டிக்கிட்டு அழுவாங்களா யாராவது?"

"அது இன்னும் சாகலை தம்பி. அதுக்குள்ள ஏன் அழணும்?"

மறுபடி சிரிப்பு. சட்டைக்காரருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

"என் தொழிலே இந்தப் போன்லதான் ஓடுது. காலையிலேருந்து எத்தனை பேர் கூப்பிட்டுத் தவிக்கிறாங்களோ! உங்களுக்கு விற்கணும். அதுக்காக உசிரோட இருக்கிறதைத் தூக்கிப் போடச் சொல்றீங்க. கூப்பிடுங்க உங்க மேனேஜரை!"

"டீ குடிக்கப் போயிருக்கார் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குச் சுருக்கென்றது. மனிதர் கேட்பதில் என்ன தப்பு?

போனைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். சார்ஜர் செருகும் துளைக்குள் ஏதோ சாம்பல் நிறத்தில் தெரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு பல்குச்சியை எடுத்தாள். பல் சொத்தையானதிலிருந்து அந்தக் குச்சி டப்பா அவள் பையிலேயே குடியிருக்கிறது. மெல்லக் கிளறினாள். சட்டைப்பை நூலும் தூசியும் திரண்டு, சின்னப் பஞ்சு உருண்டை போல வெளியே வந்து விழுந்தது.

சார்ஜரைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் போன் கண் விழித்தது.

"காசெல்லாம் வேண்டாம் சார். மேனேஜர் வர்றதுக்குள்ள கிளம்பிடுங்க."

"பார்த்தீங்களா? இதுக்குத்தான் இவ்வளவு முட்டி மோதினேன்!" சட்டைக்காரர் அவளிடம் அல்ல, வரிசையிடம் பேசினார். "தேறாதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. திறந்து பார்த்தீங்களான்னு கேளுங்க!"

ஊர்வலம் மட்டும்தான் பாக்கி. அப்படி ஒரு நடையில் வெளியேறினார். அவள் முகத்தை அவர் கடைசிவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் போன் திரையில்தான்.

மத்தியானம் டாக்டர் நம்பரை மறுபடி அழுத்தினாள். அதிசயம், மணி அடித்தது! உதவியாளர் பெண் எடுத்து, சாயங்காலமே வரச் சொன்னாள்.

சாய்வு நாற்காலி. கண்ணைக் கூச வைக்கும் விளக்கு. அதற்கு மேலே, பாதி முகத்தை மாஸ்க்கில் மறைத்த டாக்டர்.

"ஆ காட்டுங்க."

காட்டினாள். எட்டிப் பார்த்த வேகத்திலேயே நிமிர்ந்துவிட்டார்.

"இது தேறாதும்மா. எடுத்துட்டுப் புதுசு வெச்சுடலாம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடைச்சுப் பார்க்க முடியாதா டாக்டர்?"

"அடைக்கிற செலவுக்குக் கொஞ்சம் மேலே போட்டா புதுப்பல்லே வந்துடும். இந்த மாசம் சலுகை வேற இருக்கு."

அட, இது அவள் பாட்டு! இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அதன் கசப்பு தெரிந்தது. குரலும் எங்கேயோ கேட்ட குரல். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டின் கழுத்துக்குள்ளிருந்து கட்டம்போட்ட சட்டை எட்டிப் பார்த்தது.

"சரியா பார்த்தீங்களா டாக்டர்?"

"அனுபவம்மா. பார்த்தாலே தெரியும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கைப்பையைத் துழாவி, பல்குச்சி ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"முதல்ல இதை வெச்சுக் கொஞ்சம் கிளறிப் பாருங்க டாக்டர். காலையில உங்க போன் இதுலதான் பிழைச்சுது."

இந்த முறை வாயைப் பிளந்தவர் டாக்டர்.

மாஸ்க்கைக் கீழே இறக்கினார். அவளைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்துபோய், வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள் காதில் விழாதபடி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சாய்ஞ்சுக்கம்மா. இன்னொரு தடவை ஆ காட்டு... இப்ப நிஜமாவே பார்க்கிறேன்."