இரண்டாவது சீட்

ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் சண்முகவடிவு எடை மெஷினில் ஏறி நிற்கிறாள். கணவர் கோமதிநாயகம் வீட்டிலேயே கட்டப்போகும் குட்டி விமானத்தில் இரண்டாவது சீட் அவளுடையது. முள் காட்டுவதைக் குறித்துக்கொண்டு அவர் உதட்டைப் பிதுக்குவார். தன் எடையை மட்டும் அறுபத்தெட்டு என்று முதல் நாளே எழுதிவிட்டார், அதன்பின் ஏறிப் பார்த்ததில்லை.

சின்ன எஞ்சின் இருவரையும் தூக்காது. பெரிய எஞ்சின் வைத்தால் அதன் கனத்துக்கே இறக்கையை நீட்ட வேண்டும். நீட்டிய இறக்கைக்கு இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும். அத்தோடு அந்த டிசைன் குப்பைக்கூடைக்குப் போகும், அடுத்தது மேஜைக்கு வரும்.

வடிவு ராத்திரிச் சோற்றை விட்டாள். காப்பியில் சர்க்கரையை நிறுத்தினாள். போன மாதம் நாலு கிலோ இறங்கி, வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னாள். அதே வாரம் அவர் ஐந்து கிலோ கனத்தில் இன்னொரு பெட்ரோல் டாங்க் வரைந்துவைத்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த ஞாயிறு அவள் பாழாய்ப்போன அந்த மெஷினைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"நான் வரலைங்க. என் சீட்டை எடுத்துட்டுக் கணக்குப் போடுங்க."

"நீ இல்லாம எதுக்கு வடிவு..."

"போடுங்கன்னா போடுங்க."

போட்டார். சின்ன எஞ்சினே போதும் என்று வந்தது. இறக்கையும் நீள வேண்டாம். மறுபடி கூட்டினார், அதேதான்.

அவள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் பேப்பரில் தன் எடையாக எழுதியிருந்த அறுபத்தெட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து மெஷினை இழுத்து, தானே அதில் ஏறி, முள் நிற்கக் காத்திருந்தார்.